மிந்தியஸ் கொடுத்த ஒரே ஆணை

நான் கொம்பு ஊதுகிறவன். பெயர் ஹைரான். யூப்ரடீஸ் கரையில் இருந்த எங்கள் பாசறையில் ஆறாயிரம் பேரை எழுப்புவது, சாப்பிட அழைப்பது, ஓடவிடுவது, தூங்கப் போகச் சொல்வது எல்லாம் என் கொம்புதான். அதனால் ஆறாயிரம் பேரிடமும் வசவு வாங்குகிறவனும் நான்தான். அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அந்தப் புத்தாண்டுக் காலையில் என் கண்முன் நடந்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. வாயைத் திறந்து சொல்லும்போதே இப்படியும் நடக்குமா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. நடந்தது. பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

அந்த வருஷம் உலகத்துக்கு இரண்டு பேரரசர்கள். ஒருவர் ரோமில் அரண்மனையில் இருந்தார். இன்னொருவர் வடக்கே டான்யூப் கரையில், தன் படைவீரர்கள் போர்த்திவிட்ட ஊதா அங்கியோடு இருந்தார். அந்த நிறத்தைப் பேரரசரைத் தவிர வேறு யார் போட்டாலும் தலை போகும். ஆனால் படை கூடி ஒருவர் தோளில் அதைப் போட்டுவிட்டால் அவரும் பேரரசர்தான், யாராவது தோற்கடிக்கும்வரை. ஊருக்கு ஊர் அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு செத்தார்கள்.

எங்கள் தளபதி மிந்தியஸ் கால்வஸ் ரோமில் இருந்தவர் பக்கம். அந்த மனிதர் மேல் அவருக்குப் பிரியம் ஒன்றும் கிடையாது. சத்தியம் செய்திருந்தார், அவ்வளவுதான். அதோடு இன்னொன்று. அவருடைய ஒரே மகள் ருஃபில்லா ரோமில் அரண்மனை விருந்தாளியாக இருந்தாள். பெரிய படை வைத்திருக்கிற ஒவ்வொரு தளபதியின் பிள்ளையும் அங்கே விருந்தாளிதான். இங்கே தகப்பன் கொஞ்சம் முறுக்கிக்கொண்டால் அங்கே விருந்து முடிந்துவிடும்.

தளபதிக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. நாங்கள் அவரை 'மொட்டை' என்றுதான் சொல்வோம், அவர் காதுபடவே. தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினோம். பாலைவனத்தில் ஒருமுறை பாரசீகர்களிடம் அடி வாங்கிப் பின்வாங்கியபோது, காய்ச்சலில் விழுந்து கிடந்த ஒருவனைத் தன் குதிரையில் ஏற்றிவிட்டு, கால் கொப்புளத்தோடு எங்களோடு திட்டிக்கொண்டே நடந்து வந்த மனிதர் அவர். குதிரையில் வந்தவன் பர்லாஹா. எங்கள் படையில் தளபதிக்கும் அவருடைய உதவி அதிகாரிகளுக்கும் அடுத்தபடி அவன்தான், நூற்றுவர் தலைவர்களுக்கெல்லாம் தலைவன். எடெஸ்ஸா ஊர்க்காரன், ஒட்டகம் மாதிரி உயரம். ருஃபில்லா பாசறையில் வளர்ந்த காலத்தில் பாதி நாள் அவன் தோளில்தான் உட்கார்ந்திருப்பாள்.

புத்தாண்டுக்கு முதல் நாள் மதியம் நாங்கள் பருப்புக் கஞ்சிச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆற்றுக் காற்று எலும்பைக் குடைந்தது. தளபதி வந்து ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஒரு கிண்ணம் கேட்டார்.

ஒருவன் ஆரம்பித்தான். "ஐயா, அந்த டான்யூப்காரரு அவரு பசங்களுக்குப் புதுச் செருப்பு குடுத்திருக்காராம். நம்மாளு நமக்கு என்ன குடுத்தாரு? சளிதான் குடுத்தாரு."

"செருப்புக்காகச் சத்தியத்த மாத்திக்கலாம்ங்கிறியா?"

"ஐயோ, இல்லீங்கய்யா. கால் குளிருதுன்னு சொன்னேன்."

"எனக்குத் தலை குளிருது. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?" என்றார் தளபதி. எல்லோரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கும்முன் பர்லாஹா சொன்னான்: "நீங்களே பேரரசராயிடுங்கய்யா. செருப்பு, சளி எல்லாப் பிரச்சினையும் தீந்துடும்."

தளபதி கிண்ணத்தைக் கீழே வைத்தார். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. "இந்தப் பேச்சு வேண்டாம், பர்லாஹா. எனக்கு வேண்டாம். எம்பொண்ணு அங்க இருக்கா."

"அதாங்கய்யா நானும் சொல்றேன். நாம எல்லாரும் கெளம்பிப் போனா அவனே நடுங்கிப் போய்ப் புள்ளைய ஒப்படைச்சிடுவான்."

"நாம போய்ச் சேர்றப்ப ஒப்படைக்க என்ன மிஞ்சும்?" என்று கேட்டார் தளபதி. பிறகு எழுந்தார். "நாளைக்கு நீதான் சத்தியம் சொல்ற. தடுமாறாம சொல்லு."

அவர் போனதும் பர்லாஹா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தான். "கேட்டியாடா? வேண்டாம்னுட்டாரு. அப்படித்தான் சொல்லணும்."

இங்கேதான் எங்கள் கேடுகெட்ட மரபு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பேரரசராகப் போகிறவர் உடனே சரி என்று சொல்லக் கூடாது. ஆசைப்படுகிறவன் என்று ஆகிவிடும். மூன்று முறை வேண்டாம் என்று மறுக்க வேண்டும், படை மூன்று முறை வற்புறுத்த வேண்டும், பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். இதுவரை வந்த அத்தனை பேரும் அப்படித்தான் வந்தார்கள். விருந்தில் போதும் போதும் என்று கையால் மறிப்பவன் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி அள்ளி வைப்போமே, அதே கதைதான். நிஜமாகவே வயிறு நிறைந்தவன் என்ன சொல்லித் தப்பிப்பான் என்று நாங்கள் யாரும் யோசித்ததே இல்லை. நானும் யோசிக்கவில்லை. கண்ணடித்தவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்க் கொம்பைத் துடைத்தேன்.

மறுநாள் காலை படை முழுவதும் அணிவகுத்து நின்றது. எருது பலியாயிற்று. புகை எழுந்தது. தளபதி அங்கியின் நுனியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு மேடையில் நின்றார். தலையை மூடிவிட்டால் சடங்கு தொடங்கியது என்று பொருள். முடியும்வரை அவர் வாயைத் திறக்கக் கூடாது, நடுவில் நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் தெய்வக் குற்றம், படைக்கே ஆகாது.

ஒவ்வொரு புத்தாண்டிலும் ரோமில் இருக்கும் பேரரசர் பெயரைச் சொல்லிப் படை சத்தியம் செய்ய வேண்டும். முறை எளிது. ஒருவன் முழுசாகச் சொல்வான். மற்றவர்கள் ஒவ்வொருவராக மேடையைக் கடந்து போகும்போது "எனக்கும் அதே" என்று மட்டும் சொன்னால் போதும்.

பர்லாஹா முன்னால் வந்தான். வலது கையைத் தூக்கினான். அவன் குரல் என் கொம்பைவிடப் பெரிது. "தெய்வங்கள் சாட்சியாக! பேரரசரின் சொல்லுக்குக் கட்டுப்படுவேன், கொடியை விட்டு ஓடமாட்டேன், அவருடைய உயிரை என் உயிருக்கு மேலாக வைப்பேன்! பேரரசர் மிந்தியஸ் கால்வஸ்!"

தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று பக்கத்தில் நின்ற கொடிக்காரனைப் பார்த்தேன். அவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

முதல் வரிசையில் முதல் ஆள் ஒரு கணம் தயங்கினான். பிறகு அவன் முகம் மலர்ந்தது. "எனக்கும் அதே!" என்று கத்திவிட்டு மேடையைக் கடந்தான். அடுத்தவன், "எனக்கும் அதே!" அதற்கடுத்தவன். அதற்கப்புறம் வெள்ளம்தான். சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள். சிலர் துள்ளிக்கொண்டு சொன்னார்கள். பர்லாஹா பெற்ற பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணிவைத்தவன் மாதிரி பூரித்துப்போய் நின்றான்.

தளபதியால் பேச முடியாது. தலையை மூடியிருந்தார். அந்தத் துணிக்குள் அவர் முகம் சாம்பல் பூத்துப் போயிருந்ததை நான் ஒருவன்தான் பக்கவாட்டில் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னார் என்று தெரியாது. மகள் பெயராக இருக்கலாம்.

ஆட்கள் போய்க்கொண்டே இருக்கும்போது பின்வரிசையில் ஒரு சலசலப்பு. லார்கஸ் என்றொரு இளம் அதிகாரி எங்களோடு இருந்தான். ரோமில் இருந்த பேரரசருக்கு ஒருவகையில் உறவு. எங்களைக் கண்காணிக்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் மெதுவாக நழுவிக் குதிரை லாயத்துக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் மேற்கு வாசல் வழியாகப் புழுதி பறந்தது. தளபதி அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.

கடைசி ஆள் கடந்தபோது வெயில் ஏறியிருந்தது. தளபதி தலைமேலிருந்த துணியைத் தள்ளிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "வேண்டாம்."

பாசறையே ஆர்ப்பரித்தது. கேடயத்தில் ஈட்டியைத் தட்டினார்கள்.

"நிறுத்துங்கடா! நெஜமாத்தான் சொல்றேன். எனக்கு வேண்டாம்!"

"ரெண்டு ஆச்சு!" என்று எவனோ பின்னாலிருந்து கத்தினான். ஒரே சிரிப்பு. "இன்னொண்ணு! இன்னொண்ணுதான் பாக்கி! சொல்லுங்கய்யா!" என்று ஆளாளுக்குக் கூவினார்கள். அன்பில் கூவினார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த மனிதர் தொண்டை கிழியக் கத்தினாலும் இனி ஒருவன் காதிலும் ஏறப்போவதில்லை. அவர் 'வேண்டாம்' என்று சொல்லச் சொல்ல நாங்கள் அதைச் 'சரி' என்றே எண்ணிக்கொண்டிருந்தோம்.

தளபதி மூன்றாவது முறை சொல்லவில்லை. லார்கஸ் போன மேற்கு வாசலைப் பார்த்தார். பிறகு பர்லாஹாவைப் பார்த்து, "அங்கிய எடுத்துட்டு வா," என்றார்.

கொடிகள் வைத்திருக்கும் கோயிலில் தெய்வத்துக்குச் சாத்தியிருந்த ஊதாத் துணியைப் பர்லாஹா ஓடிப்போய் எடுத்துவந்து அவர் தோளில் போட்டான். என்னைப் பார்த்துக் கை காட்டினான். பேரரசர் நேரில் இருக்கும்போது ஊத வேண்டிய ஒலி ஒன்று உண்டு. ஊதினேன்.

"நான் யாரு?" என்று கேட்டார் தளபதி.

"பேரரசர்!"

"நான் என்ன சொன்னாலும் செய்வீங்களா?"

"செய்வோம்!"

"எம்பொண்ணு மேல சத்தியம் பண்ணுங்க."

"ருஃபில்லா மேல சத்தியம்!" என்று பர்லாஹா முதலில் கத்தினான். ஆறாயிரம் வாயும் ஒன்றாகத் திறந்தது. நானும் கத்தினேன், மறைக்க என்ன இருக்கிறது.

"நல்லது. என் ஆணை இதுதான்." அவர் குரல் பயிற்சி நேரத்தில் கட்டளையிடுவது போலச் சாதாரணமாக இருந்தது. "தளபதி மிந்தியஸ் கால்வஸ் புத்தாண்டுச் சத்தியத்தில வேற பேரு வர விட்டான். அது ராஜத் துரோகம். அவன் தலைய இப்பவே வெட்டணும். வெட்டி ரோமுக்கு அனுப்பணும். பர்லாஹா வெட்டணும், அவனே கொண்டுபோய்க் குடுக்கணும்."

"மூணு ஆச்சு!" என்று கத்தினான் பின்னாலிருந்தவன்.

ஆமாம். கத்தினான். சிரிப்பும் எழுந்தது, முதல் வரிசைவரை வந்தது. முதல் வரிசைக்காரர்களுக்குத் தளபதியின் முகம் தெரிந்தது. அங்கே சிரிப்பு அறுந்தது. பிறகு வரிசை வரிசையாகப் பின்னோக்கி அடங்கிக்கொண்டே போனது. கடைசியில் ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஐயா, விளையாடாதீங்க," என்றான் பர்லாஹா.

"விளையாடல. லார்கஸ் குதிர ஏறிட்டான். அவன் சொல்றதுக்கு முன்னாடி, இல்லன்னா பின்னாடியே என் தலை அங்க போய்ச் சேரணும். நான் ஏத்துக்கிட்டேனா மறுத்தேனான்னு அங்க எவனும் விசாரிக்க மாட்டான். பேரு சொன்னாங்களா, அது போதும். எம்பொண்ண முடிச்சுட்டு உங்கள்லயும் பத்துக்கு ஒருத்தனா எண்ணி அடிச்சுக் கொல்லுவான். நீங்களே வெட்டி அனுப்பிட்டா, படை ஒழுங்கா இருக்கு, துரோகி ஒருத்தன்தான்னு முடிஞ்சிடும்."

"தொரத்துறேன்யா. லார்கஸ வழியிலயே முடிச்சிடுறேன்."

"இங்க ஆறாயிரம் வாய் இருக்கு. ஆத்துக்கு அந்தாண்ட ஊரே கேட்டிருக்கும். எத்தன பேர முடிப்ப?"

பர்லாஹா மேடையில் மண்டியிட்டான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. "பேரச் சொன்னவன் நான். என் தலைய வெட்டி அனுப்புங்க."

"உன் தலைய ரோம்ல யாருக்குடா தெரியும்?" என்றார் தளபதி. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் லேசாகச் சிரித்தார். "இந்த மொட்டைத் தலையத்தான் எல்லாருக்கும் தெரியும்."

"நான் நல்லதுதானய்யா நெனச்சேன்."

"தெரியும்டா."

"நீங்க நெஜமாத்தான் வேண்டாம்னு சொன்னீங்கன்னு நான்..."

"அதான் இப்ப தெரியுதில்ல. எந்திரி."

"மாட்டேன்யா. என்னால ஆகாது."

"எம்பொண்ணு மேல சத்தியம் பண்ணியிருக்க, பர்லாஹா. இப்பத்தான். மீறுனா யாருக்கு ஆகும்?"

யாரும் ஓடிவந்து தடுக்கவில்லை. ஏன் தடுக்கவில்லை என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறாயிரம் பேர் ஏறி அவரைக் கட்டிப்பிடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயர் எங்கள் எல்லோருடைய வாயிலும் இருந்தது. காலைத் தூக்கிவைத்தால் அவள் கழுத்தில் விழும் என்று பயந்தோம். திகைத்துப்போய் மரக்கட்டை போல நின்றோம்.

தளபதி ஊதா அங்கியைத் தானே கழற்றினார். மடித்தார். என்னைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார். "சாமி துணி. கறை படாம வெச்சுக்க," என்றார். "ஹைரான், முன்ன ஊதினத இன்னொரு தடவ ஊது."

அந்த ஒலிக்கு இன்னொரு வேளையும் உண்டு. படைவீரன் ஒருவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றும்போதும் அதையேதான் ஊத வேண்டும், பேரரசர் பெயரால் நடக்கிறது என்பதற்காக. ஊதினேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக நடுவில் மூச்சு உடைந்தது. பர்லாஹாவுக்கு ஒரே வீச்சில் முடியவில்லை. அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

தலையை உப்பிட்டு வைத்த பெட்டியோடு பர்லாஹாவும் நானும் ரோமுக்குப் போனோம். தரையிலும் கடலிலுமாக அத்தனை தூரத்திலும் அவன் தானாக எதையும் உண்ணவில்லை. காடி கலந்த தண்ணீரும் ரொட்டியும் நான்தான் அவன் வாயில் திணித்தேன். எனக்கு அவன்மேல் கொலைவெறி வரும். அடுத்த நிமிஷம் அவன் உறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அழுகை வரும். லார்கஸ் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். மகளைக் கொல்ல உத்தரவும் போட்டாகிவிட்டதாம். மறுநாள் காலைக்கென்று வைத்திருந்தார்களாம். நாங்கள் போனது முதல் நாள் மாலை.

அரண்மனை அதிகாரி பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தான். "மொட்டைன்னு சொன்னாங்க. சரிதான்," என்றான். அவ்வளவுதான் விசாரணை. எங்கள் தளபதியைப் பற்றி அந்த ஊர் கேட்ட ஒரே கேள்வி அவர் தலையில் முடி இருக்கிறதா என்பதுதான். துரோகி என்று சொல்லித் தலையைக் கம்பத்தில் ஏற்றப்போவதாகவும், விசுவாசமான படையைப் பேரரசர் மெச்சியதாகவும், மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். எனக்கு அவன் குரல்வளையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிள்ளையை எண்ணி அடக்கிக்கொண்டேன்.

ருஃபில்லா வெளி முற்றத்துக்கு ஓடிவந்தாள். வளர்ந்திருந்தாள். பர்லாஹாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"மாமா! அப்பா எங்க? வெளிய நிக்கிறாரா?" என்று கேட்டு அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

நான் ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். பர்லாஹா முந்திக்கொண்டான். தளபதி முன்னால் நிற்பது போல நிமிர்ந்து நின்று, முதல் நாள் கஞ்சிச் சட்டியில் தொடங்கி உப்புப் பெட்டி வரை எல்லாவற்றையும் சொன்னான். பெயரைச் சொன்னது தான் என்றான். வாளைப் பிடித்தது தான் என்றான். ஒன்றையும் விடவில்லை. கடவுளே, ஒரு பிள்ளையிடம் இப்படியா சொல்வார்கள் என்று நான் விக்கித்துப் போனேன்.

அவள் கத்தவில்லை. கையையும் விடவில்லை. விட மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். மிகச் சின்னக் குரலில் கேட்டாள்.

"ஏன் மாமா அப்பா பேரச் சொன்னீங்க?"

"பிடிச்சிருந்துச்சும்மா," என்றான் பர்லாஹா. "உங்க அப்பாவ எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

ருஃபில்லா அவன் கைகளைப் பார்த்தாள். அப்போதுதான் மெதுவாகத் தன் விரல்களை எடுத்துக்கொண்டாள்.

"அவர் வேண்டாம்னு சொன்னாரே, மாமா," என்றாள்.